நாற்காலி நின்ற இடம்

பத்து நிமிஷம் என்று யூனுஸ் பாய் சொல்லி அரைமணி நேரம் ஆகிறது. லாரி டயரின் மேல் பலகை போட்டுச் செய்த ஆசனத்தில் உட்கார்ந்து, காலமான அத்தானின் பழைய வெள்ளைக் காருடைய வயிற்றுக்குள் அவர் தலையை விட்டுக் கட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கட்டுதான், வேறு சொல் இல்லை. ரேடியேட்டர் குழாய் வெடித்த இடத்தில் சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து, காயத்துக்குத் துணி சுற்றுவதுபோல இழுத்து இழுத்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி, மேலே கம்பியை முறுக்குகிறார். புதுக் குழாய் போடலாமே பாய் என்று காலையிலேயே போனில் சொன்னேன். "போடலாம் சார், ஏன் போடக் கூடாது. இந்த வண்டிக்குக் குழாய் வர்றதுக்கு இன்னும் மூணு நாளு. அதுவரைக்கும் வண்டி என் வாசல்லயே நிக்கும், நான் ஜன்னல் வழியா எகிறிக் குதிச்சுக் கடைக்குள்ள போவணும்" என்றார். அவர் கடைக்கு ஜன்னலே கிடையாது. சுவரும் மூன்றுதான். கூரை ஒரு கல்யாண பேனர், தலைக்கு மேல் மணமக்கள் தலைகீழாகச் சிரிக்கிறார்கள், மாப்பிள்ளையின் தோளில் ஒரு கிழிசல், அந்தக் கிழிசலில் பால் கவர் ஒட்டியிருக்கிறது. இந்த ஓட்டேரிச் சந்தில் எதைப் பார்த்தாலும் அது வேறொன்றாக இருந்து இங்கே வந்திருக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் உடம்பு சுருங்குகிறது. பத்தொன்பது வருஷம் வட இங்கிலாந்தில் ஒரு நகராட்சியில் சாலைப் பள்ளங்களைப் பார்வையிடுவது என் வேலை. பள்ளத்தை அல்ல, பள்ளத்தைச் சுற்றி வைத்திருக்கும் தடுப்பை. எத்தனை கூம்பு, எவ்வளவு இடைவெளி, எந்த உயரத்தில் பலகை. ஒரு முழ ஆழக் குழிக்கு நான்கு பக்கப் படிவம் எழுதிய கை இது, இப்போது சும்மா மடியில் கிடக்கிறது. ஏழு மாசமாகக் கிடக்கிறது. கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்தேன், கொஞ்ச நாள் என்பது எவ்வளவு என்று அவளும் கேட்கவில்லை, இங்கே எப்சிபா அக்காவும் கேட்கவில்லை. ஜூன் பதினான்காம் தேதிக்குத் திரும்பும் சீட்டு என் பெட்டியின் உள்பையில் இருப்பது அக்காவுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

எதிரே டீக்கடைக்கு முன்னால் ரோட்டில் ஓர் உடைந்த நீலப் பக்கெட் நிற்கிறது. அதில் செங்கல் போட்டு, ஒரு கழியைச் சொருகி, கழியின் நுனியில் சிவப்புப் புடவைக் கிழிசல் கட்டியிருக்கிறார்கள். ஒருவன் பைக்கை நிறுத்த வந்து, இறங்கி, பக்கெட்டின் காதைப் பிடித்தான். டீக்கடை அம்மா வடிகட்டியைக் கீழே வைக்காமலே பேசினாள். "ஏய் தம்பி, அத்த ஏன் நவுத்தற?" "வண்டி வுடத்தாங்க்கா." "வுடு. வண்டியோட நீயும் உள்ள பூடுவ, அப்பால என்னாண்ட வந்து கவுறு கேக்காத." அவன் குனிந்து பார்த்தான். "பள்ளம்னா வேப்பங்கொம்பு நட்டு வெக்க வேண்டிதுதான, பக்கெட்ட வெச்சா எட்த்து எட்த்துப் போறாங்க." "நட்டேன்பா. ரெண்டு வாட்டி நட்டேன், ரெண்டு வாட்டியும் ஆடு துன்னுட்ச்சு. பக்கெட்டத் துன்னட்டும் பாக்கலாம்." அவன் சிரித்துக்கொண்டு பைக்கைத் தள்ளிப் போய் நிறுத்தினான். நானும் சிரித்தேன். யூனுஸ் பாய் காருக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே சொன்னார், "மெட்ராஸ் ரோட்ல ஒரு பொருள் சும்மா நிக்காது சார். ஒண்ணு எடம் புடிக்க நிக்கும், இல்ல பள்ளத்தக் காட்ட நிக்கும்." ரெண்டுக்கும் வித்தியாசம் எப்படி பாய் தெரியும் என்று கேட்டேன், பொழுது போகட்டும் என்றுதான் கேட்டேன். "என்ன சார், படிச்சவரு. எடம் புடிக்கறது ஓரமா நிக்கும், காலியா நிக்கும். பள்ளம் காட்டறது கொஞ்சம் நடுவாப்ல நிக்கும், அடியில எதுனா போட்டு மூடியிருக்கும். பலகை, தகரம், சாக்கு."

சாக்கு என்ற சொல் காதுக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டது. நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், முகம் தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. காலையில் பத்தரை மணிக்கு எங்கள் சந்தில் ஒரு நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்தேன். மெரூன் நிற பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கை உடைந்தது, உட்காரும் இடத்தில் பாதி ஆட்டுக்கல். அடியில் சாக்கு இருந்ததா? இருந்தது. வண்டி எண்ணெய் ஒழுகும், தரையில் கறை படியாமல் இருக்கப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனா, இல்லை இப்போது நினைக்கிறேனா? நாற்காலி ஓரமாக இருந்ததா, நடுவில் இருந்ததா? பன்னிரண்டு அடிச் சந்தில் ஓரம் எது, நடு எது? அது கஜபதியின் நாற்காலி. எதிர்வீட்டு கஜபதி, லேத் பட்டறை வைத்திருக்கிறவர், போன ஞாயிற்றுக்கிழமை நான் அத்தான் காரை அவர் வீட்டுச் சுவரோரம் விட்டதற்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர். "சார், இந்த எடம் பதினோரு வருஷமா நம்பள்து." ரோடு யாருக்கும் சொந்தமில்லை என்றேன். "அத்த உங்க ஊர்ல போய்ச் சொல்லுங்க." இதுதான் என் ஊர் என்றேன். "அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. ஊர்க்காரருக்குத் தெரிஞ்சிருக்கணுமே." சுற்றி நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு மூன்று நாள் என் சட்டைக்குள் முள் மாதிரி கிடந்தது. அன்று சாயங்காலமே சந்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினேன். தண்ணீர் லாரி வரும் நேரம், குப்பை வண்டி, யார் வீட்டில் காதுகுத்து, எனக்கெதற்கு. திங்கட்கிழமை கார் குழாய் வெடித்து இங்கே வந்தது. செவ்வாய் இரவு பெரிய மழை. புதன் காலையில் வாசலுக்கு வந்து பார்த்தால் சரியாக அந்த இடத்தில் நாற்காலி. எனக்கான பதில் என்று எடுத்துக்கொண்டேன். இன்றைக்குக் கார் வந்துவிடும் என்றதும், வரும்போது அந்த இடத்திலேயே விடுகிறேன் என்று தீர்மானித்து, பாங்க்குக்குப் போய்விட்டு மதியத்துக்குமேல் இங்கே வரலாம் என்று கிளம்பும்போது கல்லை உருட்டிவிட்டு நாற்காலியை டிரான்ஸ்பார்மர் பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். மேலே அவர் பால்கனியைப் பார்க்கக்கூட இல்லை. பார்க்காமல் நடந்ததில் ஒரு திருப்தி இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டு நாளாக கஜபதியின் கார் அங்கே நிற்கவே இல்லையே. நாற்காலி போட்டு இடம் பிடித்தவர் இரண்டு நாளாகக் காரைக் கோயில் மதிலோரம் கொண்டுபோய் ஏன் விட்டார்? இடம் பிடித்தவன் இடத்தில் உட்காராமல் எங்கே போனான்?

செல்லை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. அவள் செல் அடுக்களையில் அரிசி டின்னின் மேல் இருக்கும், மதியத் தூக்கத்துக்காகச் சத்தத்தைக் குறைத்து வைத்தால் மறுபடி ஏற்ற மறந்துவிடுவாள். இன்று வியாழன். வியாழன் என்றால் நாலரைக்கு சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், நாலே காலுக்கு அவள் வெள்ளைப் புடவை உடுத்திக் கையில் வேதாகமப் பையோடு கேட்டைத் திறப்பாள், வாரத்தில் அவள் தனியாக வெளியே போவது அந்த ஒரு நாள்தான். அவளுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். சர்க்கரை. வெயில் காலம் கழியட்டும், ஆபரேஷன் பண்ணிக்கிடலாம் என்று இரண்டு வெயிலாகச் சொல்லி வருகிறாளாம். மங்கல் என்றால் எவ்வளவு? அவளே சமைக்கிறாள், அவளே பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிறாள், சாக்கைப் பார்க்க மாட்டாளா என்ன. சாக்கைப் பார்த்தாலும், சாக்கு என்றுதானே பார்ப்பாள், நான் பார்த்ததுபோல. மணி மூன்று ஐம்பத்திரண்டு. இன்னொரு தடவை கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவது? ஏழு மாசம் இருந்த சந்தில் ஒரு வீட்டின் எண்ணும் என்னிடம் இல்லை, எல்லா எண்ணும் அந்தக் குழுவுக்குள் இருந்தது. "பாய், வண்டி ஓடுமா?" "ஓடும் சார், இன்னொரு சுத்து சுத்திட்டேன்னா." "இப்பவே எடுக்கணும்." அவர் முதல் தடவையாகத் தலையை வெளியே எடுத்து என் முகத்தைப் பார்த்தார். கம்பியின் நுனியை மட்டும் மடக்கிவிட்டு மூடியை இறக்கினார். "சூட்டு முள்ளப் பாத்துக்கிட்டே போங்க. பாதியத் தாண்டுச்சுன்னா ஹீட்டரப் போட்டு வுடுங்க, உள்ள வேவும், பரவால்ல, இன்ஜின் சூட்ட அது வெளிய இழுத்துக்கும். சிகப்புக்குப் போச்சுன்னா நிறுத்திடுங்க. சிகப்புல ஓட்னா அப்புறம் வண்டி இல்ல சார், இரும்பு."

கொன்னூர் நெடுஞ்சாலையில் நாலு மணி வெயில் கண்ணாடியில் நேராக அடிக்கிறது. முள் கால்வாசியில் நிற்கிறது. முன்னால் போகிற மினி லாரியின் பின்கதவை நைலான் கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்தக் கயிற்றை ஒரு முடிச்சு, அந்த முடிச்சை எவனோ ஒருவனின் நம்பிக்கை. சாலையைப் பார்க்க வேண்டிய கண் சாலையில் நிற்பவற்றைப் பார்க்கிறது. நடைபாதையில் ஒரு தனிச் செருப்பு, அது காட்டுவது எதை? விளக்குக் கம்பத்தில் கட்டிய டயர், மின்பெட்டியின் கதவுக்குப் பதிலாக யாருடைய தேர்தல் பேனரோ, வாசல்படிகளில் நாய் வராமலிருக்க நீலம் கரைத்து வைத்த தண்ணீர் பாட்டில்கள், மழைநீர்க் குழாயின் உடைந்த முட்டியில் சொருகிய குளிர்பான பாட்டில். ஏழு மாசமாக இவற்றைப் பார்த்து, பார், எதையும் ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள் என்று எனக்குள் படிவம் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒன்றாவது யாருக்காக வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டதுண்டா? அங்கே என் வேலையில் அதுதான் முதல் கேள்வி, படிவத்தின் முதல் பக்கம், யாருக்காக. கூம்பு கண் உள்ளவனுக்கு. கண் இல்லாதவனுக்குக் கூம்பு போதாது, கைத்தடி கூம்புக்கும் கூம்புக்கும் நடுவில் புகுந்துவிடும், அதனால் தரையை ஒட்டி, கணுக்கால் உயரத்தில் நீளமாக ஒரு பலகை கட்ட வேண்டும், தடியோ காலோ அதில் தட்டி ஆள் நின்றுவிடுவார். அந்தப் பலகை இல்லாததற்காக ஒரு முழுத் தெருவின் வேலையை நான் நிறுத்தியிருக்கிறேன். அந்த நாற்காலியின் கால்களுக்குக் குறுக்கே, கணுக்கால் உயரத்தில், ஒரு மரச்சட்டம் கட்டியிருந்தது. இல்லை. இருந்தது, இருந்தது, தூக்கும்போது என் முழங்காலில் இடித்தது, உடைந்த நாற்காலி, கால் அகலாமல் இருக்கக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கொம்பு நட்டால் போதுமே, எங்கள் சந்தில் ஆடு கிடையாதே. கொம்பு கண்ணுக்கு. நாற்காலி காலுக்கு. எங்கள் சந்தில் காலால் பார்க்க வேண்டியவர் யார் இருக்கிறார்?

பின்னால் ஹாரன் அடிக்கிறான். பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ. கியர் விழ மறுத்து விழுந்தது. யார் இருக்கிறார், யார் இருக்கிறார் என்று வாய் சொல்கிறது, மனசு அதற்கு முன்பே வீட்டுக்குள் போய் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. அடுக்களை டின்களில் ரப்பர் பேண்ட். சர்க்கரைக்கு ஒன்று, உப்புக்கு இரண்டு, காப்பித்தூளுக்கு மூன்று. வந்த முதல் மாசம் ஓர் ஒழுங்குக்காக எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அழகாக எழுதி ஒட்டினேன், தமிழிலும் இங்கிலீஷிலும். மறுநாள் காப்பியில் உப்பு. "வயசாயிட்டுல்லா" என்று சிரித்தாள், நானும் சிரித்தேன். ஒரு வாரத்தில் பேண்டுகள் திரும்பி வந்தன, பழக்கத்தை விட மாட்டேன் என்கிறாளே என்று நினைத்தேன். அடுப்புத் திருகில் ஒட்டிய மருந்துப் பிளாஸ்திரி. கேட்டின் தாழ்ப்பாளில் மாட்டிய கண்ணாடி வளையல். விடியற்காலையில் அவள் வேதாகமம் வாசிக்கிற சத்தம் கேட்கும், ஒரு நாள் எட்டிப் பார்த்தேன், அதிகாரம் முடிந்து அடுத்தது போய்க்கொண்டிருந்தது, தாள் திரும்பவில்லை. மனப்பாடம், எவ்வளவு பக்தி என்று திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். வாசலுக்கு வெளியே, எங்கள் கேட்டிலிருந்து விளக்குக் கம்பம் வரைக்கும் சுவரோரம் இடுப்பு உயரத்தில் ஒரு கொடிக்கயிறு கட்டியிருக்கிறது. அதில் ஒரு நாளும் ஒரு துணி காய்ந்து நான் பார்த்ததில்லை. துணி காயாத கொடியை எதற்கு மக்கள் கட்டுகிறார்கள் என்று, அந்த ஒரு கேள்வியை, பத்தொன்பது வருஷம் யாருக்காக யாருக்காக என்று கேட்டுச் சம்பளம் வாங்கியவன், கேட்கவில்லை. அவளுக்குக் கண் தெரியவில்லை. மங்கல் இல்லை. தெரியவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில், அவள் எனக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தாள், விரலாலேயே எடுத்தாள், அம்மா எடுப்பதுபோல என்று நான் நெகிழ்ந்து உட்கார்ந்திருந்தேன்.

முள் பாதியைத் தாண்டிவிட்டது. ஹீட்டரைத் திருகினேன், அடுப்பைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது, ரப்பர் வேகும் வாடை. நாலு மணி எட்டு நிமிஷம். முன்னால் பஸ், அதற்கு முன்னால் இன்னொரு பஸ். நிறுத்திவிட்டு ஓடலாமா? ஓடினால் இருபது நிமிஷம் ஆகும். அந்தச் சாக்கு நடுவில் தொய்ந்திருந்ததா? தொய்ந்திருந்ததுபோலத்தான் இப்போது தெரிகிறது, ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் இன்னும் கொஞ்சம் தொய்கிறது. இந்தப் பாதாளச் சாக்கடைக் குழிகள் ஓர் ஆள் ஆழமா, இரண்டாள் ஆழமா? ஒரு குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்த காட்சி வருகிறது, அது இங்கே பார்த்ததில்லை, அங்கே, பனிக்காலத்தில், ஓர் ஈரக் கையுறை மட்டும் மிதந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எவனோ தவறவிட்ட கையுறை, ஆனால் இப்போது அது வெள்ளைப் புடவையின் நுனியாக மிதக்கிறது. மறுபடி கூப்பிட்டேன். மணி அடிக்கிறது. அடிக்கிற மணி நல்லதா கெட்டதா? எடுக்காவிட்டால் இன்னும் தூங்குகிறாள் என்றும் அர்த்தம், கிளம்பிவிட்டாள் என்றும் அர்த்தம். இன்றைக்கு அவளுக்குத் தலைவலி வரட்டும். இன்றைக்குக் கூட்டம் இல்லை என்று யாராவது வந்து சொல்லட்டும். மழை வரட்டும் என்று வானத்தைப் பார்த்தேன், மழை வந்தால் சாக்கு இன்னும் ஊறும் என்று உடனே வேண்டாம் என்றேன். இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டே வருகிறவன் அடியில் இன்னொன்றையும் கேட்டுக்கொண்டு வருகிறான், அது நாறுகிறது, சொல்லத்தான் வேண்டும்: விழுந்துதான் ஆக வேண்டுமென்றால் வேறு யாராவது விழட்டும். கஜபதி விழட்டும். அதையும் கேட்டேன். அதோடு நிற்கவில்லை, ஜூன் பதினான்கு என்ற தேதியும் நடுவில் தலை நீட்டியது, ஏதாவது ஆகிவிட்டால் அந்தச் சீட்டை மாற்ற வேண்டிவரும் என்று ஒரு குமாஸ்தாக் குரல் சொன்னது, அந்தக் குரலை நான் வெளியே தள்ளவில்லை, அது சொல்லி முடிக்கும்வரை கேட்டேன். சிவப்புக்கு ஒரு மயிரிழை கீழே முள் நின்றுகொண்டிருந்தது, டியூபும் கம்பியும் பிடித்துக்கொண்டிருந்தன, யூனுஸ் பாயின் இரண்டு கட்டை விரல்கள் இழுத்த இழுப்பு என்னைத் தாங்கிக்கொண்டு போயிற்று.

எங்கள் சந்தின் வாயில் தண்ணீர் லாரி குறுக்கே நின்றது. காரை நடு ரோட்டிலேயே விட்டு இறங்கினேன், எவனோ திட்டினான், லாரிக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்தால், முப்பது நாற்பது அடி தள்ளி அக்கா வந்துகொண்டிருந்தாள். வெள்ளைப் புடவை, பை, இடது கை அந்தக் கயிற்றின் மேல் லேசாக ஓடி வந்தது, பிடிக்கவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும். கயிறு விளக்குக் கம்பத்தோடு முடிகிறது. கம்பத்துக்கு இந்தப் பக்கம் சாக்கு. சாக்கு நடுவில்தான் இருந்தது. யாருக்கும் சந்தேகம் வராதபடி நட்டநடுவில் இருந்தது. "அக்கா" என்று கத்தினேன். அவள் முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பியது. "ஏல சாமு, வந்துட்டியா" என்று கயிற்றை விட்டுவிட்டு, சுவரை விட்டுவிட்டு, என் குரல் வந்த திசையைப் பிடித்துக்கொண்டு நேராக நடக்கத் தொடங்கினாள். நில் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் எந்த மொழியிலும் வரவில்லை, இரண்டு மொழி பேசிப் பழகிய வாய் திறந்தபடி நின்றது, கால் ஓடிக்கொண்டிருந்தது, நான் ஓடுகிற சத்தம் கேட்டு அவள் இன்னும் வேகமாக வந்தாள். "எப்சிபாக்கா, நில்லு." மேலேயிருந்து, கரகரத்த குரல், உரக்கக்கூட இல்லை. அவள் தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தாள். "நேத்து சொன்ன நாக்காலி இல்லக்கா இன்னிக்கு. லெப்ட்ல சொவத்துக்கு வா. ம். சொவத்தப் புட்ச்சிக்கோ. இப்ப நாலு எட்டு. மூணு, நாலு. அவ்ளோதான், தாண்டிட்ட." அவள் சுவரோடு ஒட்டி, எண்ணி நான்கு எட்டு வைத்து, சாக்கைத் தாண்டி வந்தாள். அவர் சொல்லச் சொல்ல நடந்து பழகிய நடை. என் குரலுக்கு வழி தவறியவள் அவர் குரலுக்கு வழிக்கு வந்தாள். பால்கனியில் கஜபதி, தோளில் துண்டு, பக்கத்தில் எவர்சில்வர் தட்டு, தண்ணீர்ச் சொம்பு, மடித்துக் கட்டிய லுங்கி.

அவர் இறங்கி வந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. "நாற்காலிய நான்தான் எடுத்தேன்" என்றேன். "தெரியும் சார். மேலேர்ந்து பாத்துனுதான இருந்தேன். எட்த்தவரே வந்து வெக்கட்டும்னு ஒரு இதுல வுட்டுட்டேன்." துண்டால் கழுத்தைத் துடைத்தார். "வுட்டுட்டு எங்க போறது. ஒருத்தன் ஒருத்தனா வரான், கத்தினே இருந்தேன். பட்டறை தொறக்கல. சோறுகூட மேலயே துன்னேன்." அவருக்கும் என்னைப் பார்க்க முடியவில்லை, எனக்கும் அவரைப் பார்க்க முடியவில்லை. இருவரும் சாக்கைப் பார்த்தோம். நான் டிரான்ஸ்பார்மர் பக்கம் போய் நாற்காலியைத் தூக்கி வந்து வைத்தேன். "அப்படி இல்ல சார். சட்டம் இந்தப் பக்கம் வரணும், அக்கா வர்ற பக்கம். இன்னும் ஒரு சாண் தள்ளி. கால் பட்டதும் நிக்கறதுக்கு எடம் வேணுமே." ஒரு சாண் தள்ளி வைத்தேன். அவர் கல்லைத் தூக்கி இருக்கையில் வைத்து, நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, இருமிக்கொண்டே மேலே போனார்.

அக்கா பையை மார்போடு பிடித்தபடி, எங்கள் இருவரையும் விட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை ஏழு மாசமாகக் கூச்சம் என்று நினைத்திருந்தேன். எப்போதிருந்து என்று கேட்டேன். "அத்தான் இருக்கும்போதே போயிட்டு. இப்ப வெளிச்சம் மட்டும் தெரியும், ஆள் தெரியாது." ஏன் என்கிட்ட சொல்லல என்றேன். அவள் லாரியிலிருந்து தண்ணீர் குடங்களில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சொன்னா அதுக்காவ இருப்ப. இல்லன்னா அதுக்காவ போயிருவ. ரெண்டும் எனக்கு வேண்டாம்ல. சந்துக்காரங்ககிட்ட நாந்தான் சொல்லாதீங்கன்னேன்." பிறகு, "வண்டிய ரோட்டுல விட்டுட்டு வந்தியாக்கும், ஏசுறான் பாரு. எடுத்து ஓரமா விடு. கூட்டம் ஆரம்பிச்சிருவாங்க, என்னக் கொண்டு விட்டுட்டு வா." காரை ஓரமாக விட்டுவிட்டு வந்து அவள் கையைப் பிடிக்கப் போனேன். விரல் பட்டதும் இழுத்துக்கொண்டாள். "கையப் புடிக்காத. ஊரு பாக்கும், பாவம்பாங்க. முன்னால நட, செருப்புச் சத்தம் போதும் எனக்கு." முன்னால் நடந்தேன். நாலு அடியில், "எங்கல போற, சத்தமே இல்லியே" என்றாள். இங்கிலாந்தில் வாங்கிய செருப்பு, சத்தம் வராமலிருக்கத்தான் அதிக விலை கொடுத்தேன். காலைத் தேய்த்து வைத்தேன். மணல் கரகரத்தது. பின்னால் அவள் அடி விழுகிறதா என்று கேட்க ஒரு கணம் நின்றேன்.

"நிக்காத" என்றாள். "நீ நின்னா நானும் நிக்கணும்."